வேகம் கூடும் இடத்தில்

காலையிலேயே கரண்ட்டை எடுத்துவிட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும் என்பது முந்தின நாளே தெரிந்த விஷயம். மே மாதம். கருங்குழியில் அந்தத் தெரு முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயில் ஏற ஏற உள்ளே இருக்கிறவன் வேக ஆரம்பித்துவிடுவான்.

ராஜாராம் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் அவருக்கு மூச்சு ஏறாது. மூக்கில் குழாய். அதன் மறுமுனை கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைப் பெட்டியில். அறைக் காற்றை உறிஞ்சி, வேண்டாததைக் கழித்து, ஆக்சிஜனை மட்டும் அனுப்புகிற பெட்டி. உழைக்கிற வயசு முழுக்கக் கல்குவாரியில் டிரில் பிடித்தவர் அவர். கல்தூள் நெஞ்சில் இறங்கி சிமெண்ட்டாக இறுகிவிட்டது. பெட்டி இல்லாமல் வாசல்வரைகூட நடக்க முடியாது.

பெட்டியைச் செய்தது அவர் மகன் கார்த்தி வேலை பார்க்கிற சிறுசேரி கம்பெனி. கடைக்கு வருமுன் சோதித்துப் பார்க்கச் சில வீடுகளில் வைத்தார்கள். ஊழியன் வீடு என்பதால் இங்கே ஒன்று வந்தது. பெட்டிக்குள் மூளை மாதிரி ஒரு பிராசசர் இருக்கிறது. கரண்ட் இருக்கும்போது அது முழு வேகத்தில் ஓடும். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினால் மெதுவாக ஓடும், பேட்டரி நீடிக்க வேண்டுமே. எப்போது கூட வேண்டும், எப்போது குறைய வேண்டும் என்று அதற்குச் சொல்கிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதியவன் கார்த்தி. டிரைவர் என்றால் லாரி ஓட்டுகிறவன், நீ எதை ஓட்டினாய் என்று ராஜாராம் ஆறு மாசத்துக்கு முன்பு தெருவெல்லாம் கேட்டுச் சிரித்தார். இப்போது சிரிப்பதற்கான மூச்சு அவரிடம் இல்லை.

நேற்று மத்தியானம் கரண்ட் ஒரு நிமிஷம் போய்விட்டு வந்தது. பெட்டி நின்றுவிட்டது. நின்றது யாருக்கும் தெரியவில்லை, அதுதான் கொடுமை. காற்றை அழுத்துகிற கம்ப்ரசர் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. திரையில், குழாயில் போகிற ஆக்சிஜன் தொண்ணூற்று மூன்று சதவீதம் என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. பிராசசர் உறைந்துபோனால் அது கடைசியாக எழுதிய எண் திரையில் அப்படியே நிற்கும். வேண்டாத காற்றைக் கழிக்கிற வால்வைத் திறந்து மூட ஆளில்லை. குழாயில் வந்தது வெறும் வீட்டுக் காற்று. உறைந்தால் தானாக உலுக்கி எழுப்புகிற ஒரு சின்னச் சில்லு பழைய போர்டில் இருந்தது. விலை இறங்க வேண்டும் என்று புதிய போர்டில் அதை எடுத்திருந்தார்கள்.

குடத்தோடு உள்ளே வந்த வேண்டா தன் புருஷன் உதட்டைப் பார்த்தாள். நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. குடத்தைப் போட்டுவிட்டுப் பெட்டியை அணைத்துப் போட்டாள். எழும்போதே மறுபடி உறைந்தது. அடித்த வெயிலில் எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் அதே கதைதான். பொழுது சாய்ந்து கூரை ஆறின பிறகுதான் ஒழுங்காக ஓடியது. அதுவரை ஆக்சிஜன் சிலிண்டர்.

அதனால் இன்றைக்குச் சிலிண்டரில் பாதிகூட இல்லை. மதுராந்தகத்தில் நிரப்பித் தருகிறவனுக்கும் இதே பராமரிப்பு நிறுத்தம், நாளைக்குத்தான் என்றுவிட்டான். பெட்டியின் பேட்டரி உச்சிவெயில் வரை தாங்கினால் அதிர்ஷ்டம். அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒரே வழி ஜெனரேட்டர்.

ஜெனரேட்டரைக் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கினவர் பந்தல், மைக்செட் வாடகைக்கு விடுகிற ரவிச்சந்திரன். வாசலில் அதைப் பார்த்த ராஜாராம் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"இன்னா ரவி... மைக்செட்டு கட்ட... இப்பவே வந்துட்டியா? இன்னும் சாவலடா."

"நீ ஆடிக்குக் கூழு குடிச்சிட்டுத்தான் போவ அண்ணாத்த. அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்ற ரவிச்சந்திரன், கார்த்தியிடம் குரலைத் தாழ்த்தி, ஜெனரேட்டர் பழசு, நடுநடுவே விக்கும், டியூப்லைட்டுக்கு அது தெரியாது, உன் பெட்டிக்கு எப்படியோ என்றார்.

கார்த்திக்கு அது எப்படி என்று தெரியும். ஜெனரேட்டர் விக்கும்போதெல்லாம் பெட்டி பேட்டரிக்குத் தாவும், வேகம் குறையும். விக்கல் நின்றதும் வேகம் கூடும். கூடுகிற அந்த இடத்தில்தான் உறைகிறது. குறைகிற இடத்தில் ஒருதடவைகூட உறைந்ததில்லை. இவ்வளவு அவனுக்குப் புரிந்திருந்தது. ஏன் என்பதுதான் புரியவில்லை.

ஒரே வேகத்தில் கட்டிப்போடலாமே என்று நேற்றே பார்த்துவிட்டான். முழு வேகத்தில் கட்டினால், சூடேறும்போது நடுநடுவே இறங்கி ஆற வழியில்லாமல், இந்தக் கூரைக்கடியில் பெட்டி கொதித்துத் தானாக அணைந்தது. மெது வேகத்தில் கட்டினால் வால்வையும் கம்ப்ரசரையும் சேர்த்து ஓட்ட அதற்குத் தெம்பில்லை, பேட்டரியில் ஒப்பேற்றுகிற அளவுக்குத்தான் வரும், ஆக்சிஜன் மெல்ல மெல்லச் சரியும். அப்பாவின் உடம்பு இருக்கிற இருப்புக்கு அது சாயங்காலம் வரை ஆகாது.

ஜெனரேட்டரைப் போட்டுப் பார்த்தார்கள். ஓடியது. வால்வு 'டக்' என்று மாறும், காற்று 'புஸ்' என்று விடும், மறுபடி டக். இரண்டு விக்கல் தாண்டியது. மூன்றாவதில் டக் வரவில்லை. திரையில் தொண்ணூற்று மூன்று.

வேண்டா குழாயைப் பிடுங்கிச் சிலிண்டரில் மாட்டினாள். மாட்டும்போது எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற முள்ளைப் பார்த்தாள். அப்புறம் மகனைப் பார்த்தாள்.

கார்த்தி தரையில் உட்கார்ந்தான். மடியில் லேப்டாப், அதிலிருந்து பெட்டிக்கு ஒரு கேபிள். சிறுசேரியில் இருக்கிற ரோகிணிக்குப் போன் போட்டான். அவனுடைய டீம் லீடு அவள். நல்லவள்தான், ஆனால் லேபைத் தாண்டி எதையும் பார்த்தவளில்லை. எங்கே உறைகிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு அடியிலும் 'இதை முடித்தேன், இதை முடித்தேன்' என்று எழுதச் சொல்லும் வரிகளை டிரைவருக்குள் போட்டு ஓட்டு என்றாள். லேபில் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. டிரைவரை எழுதி முடித்ததும், வெளியே அனுப்பும் முன், அந்த வரிகளை ஒன்றுவிடாமல் பெருக்கித் தள்ளுவது அந்த ஆபீஸின் வழக்கம். ஒரு வரி மிச்சமிருந்தாலும் ரோகிணி திருப்பி அனுப்பிவிடுவாள். வீட்டுக்குப் போகும் பெட்டியில் குப்பை இருக்கக்கூடாது என்பாள். கார்த்தியும் பெருமையாகப் பெருக்கித்தான் அனுப்பினான்.

இப்போது அந்த வரிகளையெல்லாம் திரும்பப் போட்டான். பெட்டிக்குள் ஏற்ற, உலை கொதிக்கிற நேரம் ஆனது. அத்தனை நேரமும் சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது.

ஜெனரேட்டரைப் போட்டார்கள். விக்கியது. பெட்டி உறையவில்லை. மறுபடி விக்கியது. உறையவில்லை. ரவிச்சந்திரன் வேண்டுமென்றே அணைத்து அணைத்துப் போட்டார். உறையவே இல்லை.

"ஓடுதுல்ல... வுட்டுடேன்டா..." என்றார் ராஜாராம்.

விட முடியவில்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் அந்த வரிகள் மூட்டை மூட்டையாக எழுதப்பட்டன. எழுதுகிற நேரத்தில் வால்வு காத்துக் கிடந்தது. டக்குக்கும் புஸ்ஸுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. திரையில் எண் இறங்கியது. இந்தத் தடவை அது பொய்யான எண் இல்லை. எண்பது, எழுபது என்று கண்முன்னே சரிந்தது. ராஜாராமின் தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்கின. வேண்டா மறுபடி குழாயைப் பிடுங்கினாள்.

வரி இருந்தால் மூச்சு திணறுகிறது. வரி இல்லாவிட்டால் பெட்டி சாகிறது. பார்த்தால் ஓடுகிறது, பார்க்காவிட்டால் நிற்கிறது. கார்த்திக்கு அந்த லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்கத் தோன்றியது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். பைபாஸில் ஒரு விபத்து, வண்டி அங்கே போயிருக்கிறது, இறக்கிவிட்டு நேரே வருகிறோம், அதுவரை நோயாளியை உட்கார்ந்தபடியே வையுங்கள் என்றார்கள். ராஜாராம் காதில் அது விழுந்தது. ஆஸ்பத்திரிக்கெல்லாம் வர முடியாது என்று கையை மட்டும் ஆட்டினார். ஆட்டின கை அவர் மடியிலேயே விழுந்து கிடந்தது.

"எம்மா, சிலிண்டரு எவ்ளோ கீது?"

"செவப்புக்கிட்ட வந்துட்ச்சு."

ரோகிணி மறுபடி கூப்பிட்டாள். லேபில் நான்கு பெட்டிகளைக் காலையிலிருந்து ஓட்டுகிறார்களாம். வரிகள் இல்லாமலேயே ஓட்டுகிறார்களாம். ஒன்றுகூட உறையவில்லை. உன் வீட்டில் வயரிங் சரியா, எர்த் இருக்கிறதா என்று மேனேஜர் பாலசுப்ரமணியன் கேட்கிறார் என்றாள்.

கார்த்தி கூரையைப் பார்த்தான். பார்த்தபடியே கேட்டான்.

"லேப்ல ஏசி எவ்ளோல வெச்சிருக்கீங்க?"

"இருபத்திரண்டு. ஏன்?"

"எங்க வூட்ல ஏசி இல்ல ரோகிணி. பெட்டி மேல கைய வெச்சா சுடுது. ஒண்ணத் தூக்கினு மொட்ட மாடிக்குப் போய் வெயில்ல வெச்சு ஓட்டிப் பாருங்க."

அவள் என்னவோ சொன்னாள். பெட்டியை லேபுக்கு வெளியே கொண்டுபோக பாலசுப்ரமணியன் கையெழுத்து வேண்டும் என்பது போல. அவன் கட் செய்துவிட்டான்.

வெயில் ஒரு காரணம். வரி இன்னொரு காரணம். வரிகளில் எல்லாமா உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது? ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பாதியை வெட்டினான். ஏற்றினான். ஓட்டினான். உறைந்தது. வெட்டினதைத் திரும்பப் போட்டு, மற்ற பாதியை வெட்டினான். உறையவில்லை. அந்தப் பாதியில் பாதி. ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் சிலிண்டர் முள்ளில் ஒரு மயிரிழை போயிற்று. வேண்டா முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதுவரைக்கும் ஏதாவது பேசிக்கொண்டிருந்த ரவிச்சந்திரன், இப்போது ஜெனரேட்டரைக் கிளப்புகிற கயிற்றைப் பிடித்தபடி வாசலில் குந்திக்கொண்டார். போடு என்றால் போட்டார், நிறுத்து என்றால் நிறுத்தினார்.

கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. அது இருந்தால் ஓடியது. அதை எடுத்தால் உறைந்தது. 'வோல்டேஜ் கூட்டியாச்சு' என்று எழுதுகிற வரி. ஒன்றுக்கும் உதவாத வரி. அதற்கு மேலே பிராசசருக்கு வோல்டேஜைக் கூட்டு என்று இருந்தது. அதற்குக் கீழே வேகத்தைக் கூட்டு என்று இருந்தது.

அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது.

சின்ன வயதில் குவாரியில் பார்த்ததுதான். அம்மா ஜல்லிக்கூடை சுமந்தாள். இரண்டு ஆள் கூடையைத் தூக்கி அவள் தலைச் சும்மாட்டில் வைப்பார்கள், ஆனால் உடனே கையை எடுக்க மாட்டார்கள். அவள் காலை அகட்டி, கழுத்தை நிமிர்த்தி, 'உம்' என்பாள். உம் என்ற பிறகுதான் விடுவார்கள். அவசரப்பட்டு விட்டதில் ஒருத்திக்குக் கழுத்து போனது. அதற்கப்புறம் அந்த உம் இல்லாமல் எவனும் கையை எடுத்ததில்லை.

அவனுடைய டிரைவர் உம்முக்குக் காத்திருக்கவில்லை. வோல்டேஜைக் கூட்டு என்று ரெகுலேட்டரிடம் சொன்ன கையோடு வேகத்தைத் தூக்கிப் பிராசசர் தலையில் வைத்தது. கூடின வேகத்தைத் தாங்குகிற அளவுக்கு வோல்டேஜ் ஏறக் கண்சிமிட்டலில் ஒரு துளி நேரம் வேண்டும். ஏசி அறையில் அது சட்டென்று ஏறிவிட்டது. இந்த வெக்கையில் திணறித் திணறி ஏறியது. ஏறுவதற்குள் வேகம் வந்து விழுந்தது, கழுத்து முறிந்தது. அந்த உதவாத வரியை எழுதுவதற்கு ஆன நேரம்தான் இத்தனை நாளும் உம்மாக இருந்திருக்கிறது. அதைத்தான் குப்பை என்று பெருக்கினான்.

அந்த வரியை மட்டும் விட்டுவைத்தால், வெயில் இன்னும் ஏறும்போது அது எழுதுகிற நேரமும் போதாமல் போகும். வோல்டேஜை ஏற்றித் தருகிற ரெகுலேட்டர் ஏறிவிட்டேன் என்று திருப்பிச் சொன்னால் கேட்டு நடக்கலாம். இந்த மலிவு ரெகுலேட்டருக்கு வாய் கிடையாது. எவ்வளவு காத்திருப்பது என்று இவனாகத்தான் ஒரு எண் போட வேண்டும். ரெகுலேட்டரின் குறிப்புப் புத்தகத்தில் போட்டிருக்கிற எண்ணைப் போட்டான். ஏற்றினான். ரவிச்சந்திரன் கயிற்றை இழுத்தார். உறைந்தது.

"கார்த்தி, தீந்துட்ச்சுடா," என்றாள் வேண்டா. கத்தவில்லை. முள் அடியில் படுத்திருந்தது. சிலிண்டரின் சீறல் முனகலாகிவிட்டது.

ராஜாராமின் கண்கள் பாதி மேலே போயிருந்தன. வாய் மீன் வாய் மாதிரி திறந்து மூடியது. வேண்டா அவர் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, தன் நெஞ்சில் அவரைச் சாய்த்துக்கொண்டு, முறத்தால் விசிறினாள். விசிறி என்ன ஆகப் போகிறது என்று அவளுக்கும் தெரியும்.

கார்த்தி எண்ணை இரண்டு பங்காக்கினான். கையில் வியர்வை, எழுத்து தப்பித் தப்பி விழுந்தது. இன்னொரு பங்கு கூட்டினான். ஏற்றினான். ஏறுகிற அந்தக் கோடு திரையில் ஊர்ந்தது. அவன் அதையே பார்க்காமல் அப்பாவின் வயிற்றைப் பார்த்தான். வயிறு அசைந்தது. நின்றது. அசைந்தது.

"போடு ரவிண்ணா."

ஜெனரேட்டர் கத்தியது. பெட்டி எழுந்தது. வேண்டா குழாயைச் சிலிண்டரிலிருந்து எடுத்துப் பெட்டியில் சொருகினாள். இந்தத் தடவை சோதித்துப் பார்க்க வேறு மூச்சு மிச்சமில்லை. அப்பாவை வைத்துத்தான் சோதனை.

டக். புஸ். டக்.

விக்கல் வந்தது. பெட்டியில் கரண்ட் விளக்கு மங்கியது. மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். விளக்கு திரும்ப எரிந்தது.

டக்.

அடுத்த விக்கல். டக். அடுத்தது. புஸ். திரையில் எண் எழுபதிலிருந்து ஒவ்வொன்றாக ஏறியது. யாரும் அதை நம்பவில்லை. அவர் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாவற்பழ நிறம் போக வெகுநேரம் பிடித்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது ராஜாராம் கண்ணைத் திறந்துவிட்டிருந்தார். வந்த நர்ஸ் அவர் விரலில் தன் கருவியை மாட்டிப் பார்த்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்தொன்பது, இந்த நெஞ்சுக்கு இது பரவாயில்லை, ஆனாலும் வந்துவிடுங்கள் என்றாள். ராஜாராம் தலையை ஆட்டி மறுத்தார். ரொம்ப நேரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் இருந்த சின்னச் சிலிண்டர் ஒன்றை நாளைக்குத் திருப்பித் தரச் சொல்லி வைத்துவிட்டுப் போனாள். கார்த்திக்கு அப்போதுதான் அழுகை வந்தது. எழுந்து பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

பொழுது இறங்கும் நேரத்தில் ரோகிணி கூப்பிட்டாள். குரலில் இரைப்பு. கையெழுத்துக்குக் காத்திராமல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்து ஓட்டியிருக்கிறாள். வேகம் கூடின முதல் தடவையே உறைந்ததாம்.

"திரையில தொண்ணூத்தி நாலுன்னு காட்டிட்டே நிக்குது கார்த்தி. நான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியல."

அப்புறம் மற்றதைச் சொன்னாள். அவன் அனுப்பிய திருத்தத்தை பாலசுப்ரமணியன் பார்த்துவிட்டார். சரி என்றுதான் சொல்கிறார். ஆனால் முழுச் சோதனை முடிந்து முறையாக வெளிவர இரண்டு வாரம் ஆகும், அதுவரை வீடுகளில் இருக்கிற பெட்டிகளை யாரும் தொடக்கூடாது, வீடுகளுக்குப் போன் போட்டுப் பயமுறுத்தவும் கூடாது என்கிறார்.

மற்ற பெட்டிகள் எல்லாம் செங்கல்பட்டில், மாடி வீடுகளில், இன்வெர்ட்டரோடு இருந்தன. ஒன்றே ஒன்றுதான் அப்படியில்லை. சதுரங்கப்பட்டினத்தில் ஏசுபாதம் வீட்டில் இருப்பது. படகுக்கு வெல்டிங் வைக்கிறவர், அவருக்கும் நெஞ்சு போய்விட்டது. கார்த்திதான் போய் மாட்டிவிட்டு வந்தான். நாளைக்கு எங்கெங்கே பராமரிப்பு நிறுத்தம் என்று போனில் தேடினான். சதுரங்கப்பட்டினம் இருந்தது.

அவரைக் கூப்பிட்டான். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அவன் லேப்டாப்பையும் கேபிளையும் சார்ஜரையும் பையில் போடுவதை வேண்டா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போனப்புறம் நின்னுட்ச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

நிற்காது என்று சொல்ல வாய் வரவில்லை. பகல் முழுக்க நிற்கவில்லை என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். டக்குனு சத்தம் கேக்குதான்னு பாத்துக்கினே இரு, எண்ணப் பாக்காத என்றான்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"போடா... நீ இங்க குந்திகினு... இன்னா புடுங்கப் போற... அந்தாளு சாவறான்..."

"நைனா..."

"போடான்னா."

ரவிச்சந்திரன் தன் பைக் சாவியைக் கொடுத்தார். கரண்ட் வந்தாலும் நான் இங்கேயேதான் இருப்பேன் என்றார்.

செங்கல்பட்டு தாண்டுவதற்குள் இருட்டத் தொடங்கியது. திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தி ஏசுபாதத்தை மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை அவர் மனைவி எடுத்தாள். பெட்டி நல்லாத்தான் ஓடுது தம்பி, தொண்ணூத்தி மூணு காட்டுது என்றாள். அவர் உதடு எந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்டான். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கறுப்பாத்தான் இருக்கு, அவரு கறுப்புத்தானே என்றாள். வால்வுச் சத்தம் கேட்கிறதா என்றான். வெளியே கடல் இரைச்சல், கேட்கவில்லை, ஆனால் நன்றாகத் தூங்குகிறார் என்றாள். பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், அவரை எழுப்பி உட்கார வையுங்கள், நான் வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அவனுக்கு அந்த வீடு நினைவுக்கு வந்தது. பெட்டியை மாட்டின அன்றைக்கு வெக்கையில் உள்ளே நிற்க முடியாமல் வாசலுக்கு ஓடிவந்து நின்றிருந்தான். ஏசுபாதம் வீட்டுக் கூரை தகரம். அவன் போட்ட எண் ஆஸ்பெஸ்டாஸுக்கு, தகரத்துக்கு அது போதாது.

வண்டியை ஓரம் கட்டி லேப்டாப்பைத் திறந்தான். அதில் சார்ஜ் இல்லை. முன்னால், வளைவில், ஒரு டீக்கடையில் விளக்கு எரிந்தது. சார்ஜர் இருந்த பையை மார்போடு பிடித்துக்கொண்டு அதை நோக்கி ஓடினான்.